நங்கூரத் தொப்பியின் இடது காது

இரண்டு கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. மத்தியானம். அடுப்பில் புட்டு வேகிறது. தொலைபேசி அடிக்கிறது.

எடுத்தால் ஒரு பெண் குரல். பிரெஞ்சு.

"போன்ஜூர் மதாம்... பழைய ஜப்பான் கப்பல் தொப்பி வாங்குவது நீங்கள்தானா?"

நானா? சத்தியமாக இல்லை!

வாங்குவது எங்கள் வீட்டுக் கப்பல்காரர். இந்தப் பத்தியைக் கிழமை தவறாமல் வாசிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் - அவர் என் கணவர். ஒரு காலத்தில் கிரேக்கக் கம்பெனிக் கப்பல்களில் செக்கண்ட் என்ஜினியர். இப்போது இங்கே மொன்ட்ரியாலில், லாசால் பகுதியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறார். கப்பலை விட்டு இறங்கி இருபது வருடமாகிறது. பெயர் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

அவருடைய பிரெஞ்சு 'போன்ஜூர்' என்று தொடங்கி 'மெர்சி' என்று முடிந்துவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் எங்கள் தெருமுனை டெப்பனர் பலசரக்குக் கடைப் பலகையில் ஒட்டியிருந்த 'பழைய ஜப்பான் கப்பல் தொப்பிகள் தேவை' என்ற அறிவித்தலை எழுதியதும் நான்தான், அழைப்பு வந்தால் கதைக்க வேண்டியவளும் நான்தான். ஒன்பது மாதமாகத் தொங்குகிறது. வந்த முதல் அழைப்பு இதுதான்.

"வாங்குவோம் மதாம். எங்கே வந்து பார்க்கலாம்?"

"நானே கொண்டுவருகிறேன். இன்றைக்கே. அது என் வீட்டில் இருக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "காசும் வேண்டாம்" என்றார்.

காசு வேண்டாமாம்! ஆனால் அந்தக் குரலில் தாராளம் இருக்கவில்லை. பயம் இருந்தது.

கப்பல்காரரிடம் சொன்னேன். மனிசன் புட்டையே மறந்துவிட்டார்.

"என்ன தொப்பியாம்? நேவியோ?"

"ஜப்பான் நேவி ஒஃபிசர் ஒருத்தன்ர எண்டு சொல்லுறா."

"நங்கூரத்துக்கு மேல பூ இருக்கோ எண்டு கேட்டனீரோ?"

"போனில ஒரு மனுசி நடுங்கி நடுங்கிக் கதைக்கேக்க நான் பூ விசாரிக்கிறதோ?"

பூ என்றால் செர்ரிப் பூ. கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்ட விஷயம் இது. ஜப்பான் கடற்படை அதிகாரியின் தொப்பி என்றால் முன்னால் ஒரு நங்கூரம், அதற்கு மேலே செர்ரிப் பூ, சுற்றிவர இலைகள் - பொன் இழையில் தைத்திருக்கும். சாதாரண மாலுமிக்கு முன்விளிம்பே கிடையாது. வட்டத் தொப்பி, அதைச் சுற்றி எழுத்து நெய்த நாடா. சரக்குக் கப்பல்காரர்களின் தொப்பியிலும் நங்கூரம் உண்டு. அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்! ஆனால் கப்பல்காரர் தேடுகிற வகையில் அந்தப் பூ இருக்காது. அதற்குப் பதில் கம்பெனிக் கொடியின் அடையாளம் ஏதாவது இருக்கும்.

ஏமாந்தவர்களில் முதல் ஆள் எங்கள் கப்பல்காரரே. அவர் வேலை செய்த கப்பல் பழுதுபார்ப்புக்காக ஜப்பானில் கோபே துறைமுகத்தில் ஒரு மாதம் நின்றதாம். அங்கே ஒரு பழைய சாமான் கடையில், இரண்டாம் உலகப் போர்க்காலக் கடற்படைக் கப்டனின் தொப்பி என்று நம்பி ஒன்றை வாங்கினார். பல வருடம் அதைப் பெருமையாகக் காட்டித் திரிந்தார். இங்கே வந்து நூலகத்துப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது... அது ஏதோ ஒரு சரக்குக் கப்பல்காரனின் தொப்பி.

தூக்கி எறிவார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பைத்தியம் முற்றியது! சரக்குக் கப்பல்காரர்களின் தொப்பிகளையே தேடித் தேடிச் சேர்க்கத் தொடங்கினார்.

"நேவிக்காரனிட்டைப் பீரங்கி இருந்தது. இவங்களிட்டை என்ன இருந்தது? அரிசியும் நிலக்கரியும் ஏத்திக்கொண்டு போனவங்கள். அடி விழேக்க ஓடவும் இடமில்லை. செத்த பிறகும் ஒருத்தரும் தேடேல்லை. நானும் உவங்கட ஆள்தானேயப்பா" என்பார்.

இந்தத் தொப்பிகளால் எங்கள் வீட்டில் சண்டை வந்திருக்கிறது. விளையாட்டுச் சண்டை இல்லை. போன வருடம், ஊரில் திரும்பவும் குண்டு விழத் தொடங்கிய நாட்களில், நான் வெடித்துவிட்டேன்.

"யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இஞ்ச வந்திருந்து ஆரோவின்ர யுத்தத்தைப் பெட்டியில போட்டுப் பூட்டி வைக்கிறியளோ? எனக்கு உதுகளைக் கண்ணில காட்டாதேங்கோ!"

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் காலையில் பதினொரு பெட்டிகளும் பேஸ்மெண்டுக்குப் போயிருந்தன. அந்த மௌனத்தை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். மௌனத்தை அப்படித்தானே எடுத்துக்கொள்கிறோம் - எங்களுக்கு வசதியான மாதிரி?

மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. எங்கள் பகுதியான கார்ட்டியர்வில்லில் அன்றைக்குப் பனி உருகித் தெருவெல்லாம் சேறு. அந்த அம்மா மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பெயர் லிஸ். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு பாடசாலையில் கடிதம், கணக்கு என்று கந்தோர் வேலை. கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. மூன்றுக்கும் முடிச்சு. மேசையில் வைத்தார். வைத்துவிட்டுக் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், ஏதோ கடிக்கும் என்கிற மாதிரி.

தேநீர் கொடுத்தேன். கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"என் அப்பா கனடியப் படையில் இருந்தவர். ஹொங்கொங்கில் ஜப்பானியரிடம் பிடிபட்டார். ஏறக்குறைய நாலு வருடம் சிறை. ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் நிலக்கரி சுமக்க வைத்தார்கள். போன மார்கழியில் இறந்துவிட்டார். இது அவருடைய அலுமாரியில் இருந்தது."

அந்தத் தொப்பியை அவர் முதன்முதலில் கண்டது ஒன்பது வயதில். இது யாருடையது என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

"செத்துப்போனவனுடையது."

"நீங்களா கொன்றீர்கள்?"

அப்பா தொப்பியைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாராம். மூன்று நாள் யாருடனும் பேசவில்லையாம்.

வீட்டில் ஒருவர் வாய் திறக்காவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நத்தார் விருந்துக்கு வந்த சித்தப்பாமார் கதையை முடித்து வைத்தார்கள். தன்னை அடித்த ஜப்பான் கடற்படை அதிகாரியை அப்பா கொன்றார். கொன்று தொப்பியை எடுத்தார். வெற்றிச் சின்னம்! அவர்கள் பெருமையாகத்தான் சொன்னார்கள். அப்பா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விடுவாராம்.

"நாற்பத்தாறு வருடம், மதாம். அவர் பாண் வெட்டித் தரும்போதெல்லாம் நான் அந்தக் கையைத்தான் பார்ப்பேன்."

நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கப்பல்காரர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். மேசையில் வெள்ளைத் துவாய் விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். பூச்சி உருண்டை வாசம் குசினிவரை அடித்தது.

கறுநீலத் தொப்பி. பூச்சி அரித்த துணி. முன்விளிம்பு வெடித்திருந்தது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுகள் தொங்கின. யாரோ தடித்த இழையால் கோணல்மாணலாகத் தைத்துவிட்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், மகா அவலட்சணம்.

கப்பல்காரர் நங்கூரத்தைப் பார்த்தார். பூ இல்லை. நடுவில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் இரண்டு கோடு. முன்விளிம்பின் வெடிப்பைப் பார்த்தார். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா லைட் ஒன்று வைத்திருக்கிறார். யன்னல் திரையை இழுத்துவிட்டு அதை அடித்துப் பார்த்தார்.

"ஒரு இழையும் மின்னேல்லை. இப்பத்தைய நூல் எண்டால் மின்னும். இது போலி இல்லை. முன்னுக்கு இருக்கிறது தோல் இல்லை, அட்டை. யுத்தம் முடியிற காலம், அவங்களுக்குத் தோல் கிடைக்கேல்லை... ஆனா நேவி இல்லையப்பா. சரக்குக் கப்பல்."

நான் மதாம் லிஸ் பக்கம் திரும்பினேன். "பொறும்" என்றார் கப்பல்காரர். தொப்பியைக் கவிழ்த்தார். உள்பட்டியில் மையால் பெயர் எழுதியிருந்த அடையாளம். எல்லாம் கரைந்துபோய் ஓர் எழுத்து மட்டும் மிச்சம். ஜப்பான் எழுத்தில் இவருக்குத் தெரிந்த நாலைந்தில் அது ஒன்று.

"மரம் எண்டதுக்கு எழுதிற எழுத்து. பேரில ஒரு மரம் இருந்திருக்கு. மிச்சம் வேர்வையில போயிட்டுது."

பிறகு அந்தக் கம்பளித் துண்டுகள். விரலால் தடவினார். மணந்து பார்த்தார். "இது ஆமிப் போர்வை. கத்தரியால வெட்டேல்லை, ஏதோ தகரத்தால அறுத்திருக்கு. தைச்சது நூலில்லை. சரக்கு மூடுற படங்கில இருந்து உருவின இழை."

வலது பக்கத்துண்டை அழுத்திப் பார்த்தார். இடதை அழுத்தினார். திரும்பவும் வலது. திரும்பவும் இடது.

"இஞ்சாரும், இதைப் பிடிச்சுப் பாரும்."

பிடித்தேன். வலது பக்கம் ஒரே மடிப்பு. இடது பக்கம் இரண்டு மடிப்பு. நடுவில் மெத்தென்று ஏதோ... பஞ்சு.

"இடது காது நொந்த ஒருத்தன் தைச்சிருக்கிறான்" என்றார்.

எதிரே ஒரு பெண் எங்கள் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அப்பாவைப் பற்றி, அவருக்குத் தெரியாத மொழியில், முன்பின் தெரியாத இரண்டு பேர் கதைக்கிறோம்.

"சொல்லவோ?" என்று கேட்டேன். "நாங்கள் ஒண்டைச் சொல்ல, அவ வேற ஒண்டை நம்பிக்கொண்டு போனால்? தகப்பன் கொல்லேல்லை எண்டு எங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அதைச் சொல்லாதையும். கண்ணால கண்டதை மட்டும் சொல்லும். நேவி இல்லை. அட்டை. போர்வை. படங்கு இழை. இடப்பக்கம் இரண்டு மடிப்பு. அவ்வளவுதான்."

"என்ன சொல்கிறார்?" என்றார் மதாம் லிஸ். "மோசமானதா?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதிகாரியின் தொப்பி இல்லை என்றதும் புருவம் சுருங்கியது. போர்வைத் துணி என்றபோது எட்டிப் பார்த்தார். இடது காது என்றபோது கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பா இடது காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார்." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "கோடையிலும்கூட. அதிலிருந்து சீழ் வடியும். அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் தலையணை உறையை அவித்துத் தோய்ப்பார். சிறையில் அடிபட்ட காது என்று அம்மா ஒருமுறை சொன்னார். அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை..."

முடிக்கவில்லை.

பிறகு நேராகக் கேட்டார். "அப்படியென்றால் அப்பா அந்த மனிதனைக் கொல்லவில்லையா?"

தமிழில் சொன்னேன். சொல்லும்போதே மனம் கெஞ்சியது - இல்லை என்று சொல்லிவிடுங்கோவன், அந்த மனுசி நிம்மதியாகப் போகட்டும்.

கப்பல்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியாது எண்டு சொல்லும். அவன் குடுத்தானோ, செத்தவன்ர தலையில இருந்து எடுத்ததோ, களவெடுத்ததோ... தொப்பி அதைச் சொல்லாது. ஆனா ஒண்டு. வீட்டை கொண்டுபோய்க் காட்டிப் பெருமையடிக்கிறதுக்கு எடுத்த ஆள் போர்வையை வெட்டித் தைச்சுக்கொண்டிருக்கமாட்டான். ஆர் தைச்சதோ, அவன் இதைக் குளிருக்குப் போட்டவன். காது நோகுதெண்டு போட்டவன்."

வங்கியில், வைத்தியரிடம், வரிக் கந்தோரில் என்று எத்தனையோ தடவை இவருக்காக மொழிபெயர்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுச் சொன்னேன்.

மதாம் லிஸ் கதிரையை முன்னால் இழுத்தார். வந்ததிலிருந்து முதல்முறையாகத் தொப்பியைத் தொட்டார். பிரிந்திருந்த தையலுக்குள், அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே, இரண்டு விரலை மெதுவாக விட்டார். அப்படியே இருந்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

பிறகு, "இதை நான் திரும்பக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டார். எங்களுடைய பொருளைக் கேட்பது போல!

நான் மொழிபெயர்க்கவே தேவை இருக்கவில்லை. கப்பல்காரர் ஏற்கெனவே மெல்லிய வெள்ளைத்தாளைக் கசக்கித் தொப்பிக்குள் அடைத்துக்கொண்டிருந்தார். தன்னுடைய நல்ல அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே கட்டளைகள். தோய்க்கக் கூடாது. ஆணியில் மாட்டக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் பிடிக்கும்.

"இன்னொண்டு சொல்லும். உந்தக் காதுத் துண்டுகளை வெட்டி எறிஞ்சால் தொப்பி வடிவாய் வரும், விலையும் கூடும் எண்டு தொப்பி தெரிஞ்ச ஆரும் சொல்லுவாங்கள். அவங்களை வீட்டுக்குள்ள விடவேண்டாம்."

மதாம் லிஸ் அழுதபடியே சிரித்தார். வாசலில் நின்று இவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து ஏதேதோ சொன்னார். இவர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதியைச் செலவழித்து, "மெர்சி, மதாம்" என்றார்.

கதவைச் சாத்திய பிறகு கேட்டேன். "கவலையோ?"

"ஓம், கொஞ்சம்." பொய் சொல்லத் தெரியாத மனிசன். "உந்த மாதிரி ஒண்டு எனக்கு இனி வராது."

பிறகு பேஸ்மெண்டுக்கு இறங்கினார். நானும் இறங்கினேன் - பெட்டிகள் அங்கே போன பிறகு முதல் தடவையாக. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். வேடிக்கை என்னவென்றால், ஒன்றிலும் முன்பக்கத்தைக் காட்டவில்லை. நங்கூரத்தையோ கொடியையோ பற்றிப் பேச்சே இல்லை. ஒவ்வொன்றையும் கவிழ்த்து உள்ளே எழுதியிருந்த பெயரைக் காட்டினார். சிலது முழுப்பெயர், சிலது அரைகுறை, இரண்டில் வெறும் கறை.

"போன வருசம் நான் கத்தினபோது ஏன் ஒண்டும் சொல்லாமல் நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீர் சொன்னதும் சரிதானே. அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் கோபித்துக்கொண்டார் என்றோ, தோற்றுவிட்டார் என்றோதானே நான் நினைத்திருந்தேன்? "பேஸ்மெண்ட் ஈரமாக் கிடக்கு. எல்லாத்தையும் மேல கொண்டுவாங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை மதாம் லிஸ் திரும்ப அழைத்தார்.

அவருக்கு ஒரு தம்பி. ரேஜான். சொரேலில் இருக்கிறார். பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவர். அப்பாவுடன் பேச்சில்லை. மார்கழியில் செத்தவீட்டுக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா தம்பியிடம் போயிருக்கிறார். நாங்கள் சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லியிருக்கிறார். தெரியாது என்று சொன்னதையும் சேர்த்து.

ரேஜான் அந்தக் காதுத் துண்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, எது இடது என்று கேட்டாராம். காட்டினார்.

"அக்கா... அந்தக் காலத்தில் சாப்பாட்டு மேசையில் நான் எங்கே இருப்பேன்?"

"யன்னல் பக்கம்."

"அப்பாவுக்கு எந்தப் பக்கம்?"

இடப்பக்கம். மதாம் லிஸ் வலப்பக்கம். மகள் கேட்டதற்கெல்லாம் அப்பாவிடமிருந்து பதில் வந்திருக்கிறது. சுருக்கமாக, ஒரு சொல்லில், ஆனால் வந்திருக்கிறது. காதில் வருத்தம் என்று வீட்டில் தெரியும். அந்தக் காது கேட்காது என்று அப்பா யாருக்கும் சொன்னதில்லை. இடப்பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடக் கதை, ஹொக்கிக் கதை, சினேகிதர் கதை என்று தினமும் சொன்ன பையனுக்குப் பதிலே வந்ததில்லை. தன்னைப் பிடிக்காது என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

பதினேழு வயதில், "நான் வீட்டை விட்டுப் போகிறேன்" என்று அவன் சொன்னதும் அந்த மேசையில், அந்தப் பக்கத்திலிருந்துதான். அப்பா தலையைத் திருப்பாமல் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாராம்.

தொப்பி இப்போது ரேஜானிடம் இருக்கிறது. அவர் கேட்டார், அக்கா கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இந்த உயிர்த்த ஞாயிறுக்கு இருவரும் சேர்ந்து கல்லறைக்குப் போகிறார்களாம். இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் குரலில் நடுக்கம் இருந்தது, பயம் இருக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கப்பல்காரரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பையனுக்கு இப்போது என்ன வயது என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் யாராவது நீங்கள் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லையா? கோபத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்... எழுந்து, மற்றப் பக்கம் போய் நின்று, இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.